தண்ணீர் கேட்டவர்

இன்று காலை மருமகன் வளவிலே நிற்கிற செவ்விளநீர் மரத்தில் ஒரு குலை இறக்கினார். முற்றத்தில் வைத்து முதல் வெட்டு வெட்டியதுமே மணம் வந்துவிட்டது. பச்சை மட்டையின் துவர்ப்பு மணம், அதற்குப் பின்னால் மெல்லிய இனிப்பு. வெயில் ஏறிவிட்டது, குடியுங்கள் மாமி என்று இளநீரின் கண்ணைத் திறந்து என் கையில் தந்தார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். அதற்கு மேல் கை போகவில்லை. இளநீரைப் படியில் வைத்துவிட்டு, கோழிக்கு ஏதோ போடப் போகிறவள் போல எழும்பிப் பின்வளவுக்குப் போய்விட்டேன்.

நம் மகள் ஜெசிந்தா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பின்னாலேயே வந்தாள்.

"இளநி கூடாதெண்டு சொன்னது அப்பாவுக்கு. ஒங்களுக்கு ஆரு மறிச்ச?"

அந்த மரத்தை வைத்தது நீங்கள். அது காய்க்கத் தொடங்கின காலத்தில்தான் நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். சிறுநீரகம் பழுதான ஆளுக்கு இளநீர் நஞ்சு மாதிரி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். யன்னலால் பார்த்தபடி கிடந்தீர்கள். காய் முற்றித் தானாக விழுகிற சத்தம் கேட்டால், நான் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டி வருமே என்று.

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இதை வாயால் சொன்னால் ஜெசிந்தா அழுகிறாள், கோயிலில் ஃபாதரிடம் சொன்னால் ஆறுதல் சொல்கிறார். எனக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஏறாவூர் ஹனீபா காக்கா இன்னும் நம் வாசல் படலையடியால் போகும்போது மோட்டார் சைக்கிளை மெதுவாக்குகிறார். பின்னால் அதே ஐஸ்பெட்டி. எத்தனையோ வருடமாய் நீங்கள் வாவியில் பிடித்த இறாலும் மணலை மீனும் வாங்கி விற்ற மனிதர். அவருக்கு நோன்பு மாதம் வந்தால் நீங்கள் துறையில் தண்ணீர்ப் போத்தலை வலைக்குள்ளே ஒளித்து வைப்பீர்கள். அவர் கண்டுபிடித்துவிடுவார்.

"குடிங்க மச்சான். நீங்க குடிச்சா என்ட நோன்பு முறியாது."

"ஒங்கட நோன்பு முறியாது காக்கா. எனக்குத்தான் தொண்டையால எறங்காது."

அவர் மறந்துபோய் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு வாவியில் ஒருவரும் வலை போடுவதில்லை என்பது அவருக்கு நினைவில்லை. நீங்கள் முற்றத்து வேம்பின் கீழே உதடு காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தீர்கள். பின்னேரம் மூன்று மணிக்குக் கோயிலில் பாடுகளின் வழிபாடு தொடங்கும்வரை நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டீர்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தானாம். நான் காக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் செம்பை வாங்கிக்கொண்டு உங்களைப் பார்த்தார்.

"இப்ப நான் எங்க மச்சான் போத்தல ஒளிக்கிற?" என்று கேட்டார். நாம் மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு அவர் ஏன் இப்படித் தண்ணீரும் குடிக்காமல் இருக்கிறீர்கள் என்று விசாரித்தார். இன்றைக்குத்தான் ஆண்டவர் சிலுவையில் தொங்கிக்கொண்டு தாகம் என்று சொன்னவர், அதை நினைத்துத்தான் என்றீர்கள். காக்கா செம்பைக் கீழே வைத்தார். அவர் பகடிக்காரர், ஆனால் அந்தக் கேள்வியைப் பகடியாகக் கேட்கவில்லை.

"ஈஸா நபிய நாங்களும் மதிக்கம். ஆனா மச்சான், கடவுளுக்குத் தண்ணி விடாய்க்குமா? விடாய்ச்சா அது கடவுளா?"

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, நம் வீட்டு முற்றத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறாரே என்று. நீங்கள் தலையைத் தடவிக்கொண்டு, நல்ல கேள்விதான் காக்கா, நான் படிச்ச ஆள் இல்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றீர்கள்.

அப்படியே யோசித்தீர்கள். உயிர்ப்புத் திருநாள் முடிந்து திரும்பவும் தொழிலுக்குப் போன பிறகு ஒரு விடியலில், நான் கூடையோடு துறையில் நிற்க, இறாலை நிறுக்க வந்த காக்காவுக்கு நீங்களாகவே பதில் சொன்னீர்கள். அவர் கேட்டதையே மறந்திருப்பார் என்று நான் நினைத்தேன்.

"காக்கா, ஒரு நாள் ஆண்டவர் தோணியில படுத்து நித்திர. பெருங்காத்து. உள்ளுக்குத் தண்ணி ஏறுது. அப்பவும் முழிக்கல்ல. ஆடுற தோணியில அப்பிடி நித்திர வாறதெண்டா எலும்பெல்லாம் களைச்சிரிக்கணும். அது எனக்குத் தெரியும். நடிச்சா அப்பிடித் தூங்கேலா. அவர் மனிசன்தான். கூட இருந்தவங்க எழுப்பினாங்க. எழும்பிக் காத்த அதட்டினார், காத்து அடங்கிட்டுது. அது மனிசன்ட வேல இல்ல. ரெண்டும் ஒரே தோணியில, ஒரே ஆள். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியா."

காத்தை அடக்கினது அல்லாஹ்வின் உத்தரவு என்றுதான் நாங்கள் சொல்லுவோம் என்றார் காக்கா. சொல்லுங்கள் என்றீர்கள் நீங்கள். அவர் தராசைத் தூக்கினார்.

"சரி, றால் என்ன வெலைக்குத் தாறீங்க? இதையும் யோசிச்சித்தான் சொல்லுவீங்களா?"

நான் அன்றைக்குக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தோணியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மெய்யான கடவுள், மெய்யான மனிதன் என்று சின்ன வயதில் கோயில் வகுப்பில் பாடமாக்கியிருக்கிறேன். ஃபாதர் கேட்டால் நிற்காமல் சொல்லுவேன். ஆனால் மெய்யான மனிதன் என்றால் நித்திரை வரும், கால் வலிக்கும், நாக்கு வறளும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்கு அவர் சுவரில் தொங்குகிற சுரூபம். மாலை போடுவேன், தூசி தட்டுவேன்.

பிறகு உங்களுக்குக் கால் வீங்கியது. செருப்பு ஏறவில்லை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று ஊறிப்போய்விட்டது என்று சிரித்தீர்கள். முகமும் வீங்கினபோது ஜெசிந்தா இழுத்துக்கொண்டு மட்டக்களப்புக்குப் போனாள். அதற்குப் பிறகு நம் வீட்டில் கிழமை என்றால் மெஷினுக்குப் போகிற நாள், போகாத நாள் என்று இரண்டு வகைதான். ரத்தத்தைச் சுத்தம் பண்ணி முடித்து வெளியே வரும்போது, ஒரு நாள் முழுக்கத் தோணித் தண்டு வலித்து வந்தவர் மாதிரி இருப்பீர்கள்.

அங்கே ஒரு நேர்ஸ் பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினாள். இவருக்கு உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போவது குறைவு. உள்ளே போவது கூடினால் நெஞ்சில் நிற்கும், மூச்சை அடைக்கும். அளவாகத்தான் கொடுக்க வேண்டும். "எல்லாம் ஒங்கட கையிலதான் இரிக்கி அம்மா" என்றாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தச் சொல் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கலியாணம் முடித்து நீங்கள் என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாம் உங்கள் கையில்தான் இருந்தது. தொழில், சந்தை, மகளின் படிப்பு, எல்லாம். முதல் தரமாக என் கையில் ஒன்று தரப்பட்டது. அது உங்கள் தண்ணீர்.

குடத்தை அறைக்குள்ளே கொண்டுபோய் வைத்தேன். செம்பை உயரத்தில் வைத்தேன். காலையில் கொஞ்சம், மருந்துக்குக் கொஞ்சம், சோற்றோடு கொஞ்சம். நீங்கள் உதட்டை நக்கிக்கொண்டு கிடப்பீர்கள். வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்கு மேலேயே இருந்த மனிதர்.

ஒரு நாள் கிணற்றடியில் குளிக்கப் போனவரைக் காணவில்லை என்று வந்து பார்த்தேன். தலையில் ஊற்றின தண்ணீர் முகத்தால் வழிய, நீங்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றீர்கள். தொண்டைக்குமிழ் ஏறி ஏறி இறங்கியது. நான் ஓடிப்போய் வாளியைப் பறித்தேன்.

"குளிக்கிறன் புள்ள" என்றீர்கள்.

"தொண்டையாலயா குளிக்கிற?"

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். களவு பிடிபட்ட சின்னப் பிள்ளை மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நானே நின்று தண்ணீர் வார்த்தேன், வாயை மூடுங்கள், வாயை மூடுங்கள் என்று சொல்லிச் சொல்லி. இப்போது நினைத்தால், அந்தச் சிரிப்புக்காவது ஒரு சிரிப்புத் திருப்பித் தந்திருக்கலாம்.

அந்த நாளுக்கு வருகிறேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமை. காற்று அசையவில்லை, வெயில் ஓட்டை உருக்குகிற மாதிரி. நான் கோயிலில் சிலுவைப்பாதை முடித்து, முழங்கால் வலியோடும் நெஞ்சு நிறைந்த பக்தியோடும் வீட்டுக்கு வந்தேன். முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. அன்றைய அளவுத் தண்ணீர் முடிந்திருந்தது. நீங்கள் கட்டிலில் கிடந்தபடி என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஒரு முடறு தண்ணி தா புள்ள. நாக்கு ஒட்டுது."

இல்லை என்று சொன்னேன். திரும்பவும் கேட்டீர்கள். திரும்பவும் இல்லை என்றேன். மூன்றாம் தரம் கேட்டபோதுதான் அதைச் சொன்னேன். கோபத்தில் சொல்லவில்லை. நல்ல வார்த்தை சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

"ஆண்டவருக்கும் விடாய்ச்சதுதானே. அவர்ர தாகத்தோட ஒங்கட தாகத்தயும் சேத்து ஒப்புக்குடுத்திட்டுப் பேசாமக் கிடங்க."

நீங்கள் சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தீர்கள். நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"அவர் பேசாமக் கிடக்கல்ல புள்ள. கேட்டவர்."

நான் முக்காட்டை மடித்துக்கொண்டு நின்றேன்.

"கடவுளா இருந்தும் கேட்டவர்" என்றீர்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் தண்ணீர் கேட்கவேயில்லை. நேரத்துக்கு நான் அளந்து தந்தால் வாங்கிக் குடிப்பீர்கள். குடித்துவிட்டு, போதும் புள்ள என்பீர்கள். ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாள் சொல்கிற மாதிரி. கிணற்றடியில் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றீர்கள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதில் எனக்கு வெட்கமான பகுதி என்னவென்றால், முதலில் நான் அதை நல்லது என்று நினைத்தேன். அப்பா இப்போது நன்றாக ஒப்புக்கொடுக்கிறார் என்று ஜெசிந்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். கோயிலில் பெண்களிடமும் சொன்னேன். உங்களுடைய அந்த மௌனத்தைப் புண்ணியம் என்று ஊருக்குச் சொல்லித் திரிந்தேன்.

கேட்பதை நிறுத்தியது விசுவாசத்தாலா, என்மேல் மனம் விட்டுப்போனதாலா என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கப் பயமாக இருந்தது. பதில் தெரிந்திருந்ததால்தான் பயம் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்கு ஏற்றினபோது இதயம் களைத்துவிட்டது என்றார்கள். மெஷினில் போட உடம்பு தாங்காது என்றும் சொன்னார்கள். காலையில் அதே நேர்ஸ் பிள்ளை வந்து என் தோளில் கை வைத்தாள். "இனிக் கொஞ்சம் குடுக்கலாம் அம்மா" என்றாள். அவள் கண்ணைப் பார்த்தபோது அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்கியது. நான் கரண்டியில் தண்ணீர் எடுத்து உங்கள் வாயில் விட்டேன். கடைவாயால் வழிந்து தலையணையில் ஊறியது. திரும்பவும் விட்டேன். திரும்பவும் வழிந்தது. கொடுக்கலாம் என்று ஆனபோது உங்களுக்கு விழுங்கத் தெரியவில்லை. நீங்கள் கண்ணால் எதையோ தேடினீர்கள். தண்ணீரையா, என்னையா, எனக்குத் தெரியாது. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு ஜெசிந்தா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் காக்கா வந்தார். அதே வேம்பின் கீழே உட்கார்ந்தார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

"மச்சான் ஒருநாளும் ஒங்களக் குற சொல்லல்ல தங்கச்சி. பாவம், அவள் எனக்குக் காவல் நிக்கிறாள் எண்டுதான் சொன்னவரு."

காவல். அந்தச் சொல்லோடு நான் எத்தனை நாள் கிடந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. சிலுவையடியிலும் காவல் நின்றார்கள். அவர்களும் யாரோ சொன்னதைத்தான் செய்தார்கள். அவர்களிலும் கெட்ட மனது இல்லாத ஆள் இருந்திருப்பான்.

பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதிதாக வந்த ஃபாதர், ஜெசிந்தாவைவிட இளையவர், நல்ல பிள்ளை. நான் சொல்லத் தொடங்கினதுமே, தண்ணீர் கொடுக்காமல் விட்டது அவரைக் காப்பாற்றத்தானே அம்மா, டொக்டர் சொன்னதைத்தானே செய்தீர்கள் என்றார். அதற்கு நான் வரவில்லை என்றேன். ஆண்டவருடைய பேரைச் சொல்லி என் புருசன் வாயை மூடினேன், அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

"நீங்க சொன்னது பிழையில்ல அம்மா. நம்மட வேதனைய அவர்ர பாடுகளோட சேத்து ஒப்புக்குடுக்கலாம். திருச்சபையும் அதத்தான் சொல்லுது."

"நம்மட வேதனைய, ஃபாதர். நான் ஒப்புக்குடுத்தது என்ட புருசன்ட வேதனைய."

அவர் கழுத்தில் கிடந்த ஊதாப் பட்டியைச் சரிசெய்தார். பிறகு, அன்பினால் செய்தது, பாவமில்லை என்று சொல்லி என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பாவம் என்று சொல்லியிருந்தால் அவர் தருகிற செபத்தைச் சொல்லி இறக்கி வைத்திருப்பேன். பாவமில்லாத ஒன்றை எங்கே கொண்டுபோய் இறக்குவது? வந்த பாரத்தோடேயே வீட்டுக்கு நடந்தேன்.

நடக்கும்போதுதான் யோசித்தேன். சிலுவையில் அவர் தன்னைத்தானே ஒப்புக்கொடுத்தார். பக்கத்துச் சிலுவையில் ஒரு கள்ளன் தொங்கினான். அவனைப் பார்த்து, நீயும் பேசாமல் ஒப்புக்கொடு என்று அவர் சொல்லவில்லை. அவன் வாய் திறந்து, என்னை நினையும் என்று கேட்டான். இவர் அந்த வேதனைக்குள்ளேயும் அவனுக்குப் பதில் சொன்னார், என்னோடு இருப்பாய் என்றார். கேட்ட ஒருவரையும் அவர் வாயை மூடச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. வழியில் இருந்து அவரைக் கூப்பிட்டுக் கத்தின குருடனைச் சத்தம் போடாதே என்று மறித்தது கூட வந்த சனம். நான் அந்தச் சனத்தோடு நின்றிருக்கிறேன், அவர் பேரையும் சொல்லிக்கொண்டு.

போன வருடம் பெரிய வெள்ளிக்கு நான் சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்யப் போகவில்லை. கோயிலுக்கு வெளியே மரத்தடியில் நின்றுவிட்டு வந்தேன். இந்த வருடம் ஜெசிந்தா கையைப் பிடித்து வரிசையில் நிற்க வைத்தாள். பாடுகளை வாசிக்கிறபோது அந்த இடம் வந்தது, அவர் தாகம் என்று சொன்ன இடம். எனக்குள்ளே உங்கள் குரலில்தான் கேட்டது. என் முறை வந்தது. குனிந்து காலில் முத்தி செய்துவிட்டு நிமிரும்போது சுரூபத்தின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். இத்தனை வருடமும் ஆணியைப் பார்த்திருக்கிறேன், விலாவைப் பார்த்திருக்கிறேன். வாயைப் பார்த்ததில்லை. செதுக்கினவன் வாயைக் கொஞ்சம் திறந்தபடி விட்டிருந்தான். உதட்டில் வர்ணம் உரிந்திருந்தது. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லித் தட்டும்வரை நின்றேன்.

ஹனீபா காக்கா கேட்ட கேள்விக்கு எனக்கு அங்கேதான் ஒரு பதில் வந்தது. அவர் அதை ஏற்கமாட்டார், அது அவருடைய விசுவாசம். எனக்கு வந்ததைச் சொல்கிறேன். இந்த வாவியையும் கடலையும் மழையையும் படைத்தவர், ஒரு முடறுத் தண்ணீருக்கு மற்றவன் கையைப் பார்த்துக்கொண்டு தொங்கினார். கடவுளுக்கு விடாய்க்காது, உண்மைதான். விடாய்க்கிற ஆட்கள் இருக்கிற பக்கத்துக்கு அவர் வந்துவிட்டார். வந்தபிறகு விடாயை மறைக்கவில்லை. வெட்கப்படாமல் கேட்டார். நீங்கள் கட்டிலில் கிடந்து கேட்டபோது அவர் உங்கள் பக்கம்தான் கிடந்தார். நான் அவரை என் பக்கம் என்று நினைத்துக்கொண்டு குடத்தடியில் நின்றேன்.

போன கிழமை அயல்வீட்டு ஐயாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த வார்ட்டுக்குள்ளே கால் வைக்கவே எனக்கு விருப்பமில்லை. பக்கத்துக் கட்டிலில் பெரியகல்லாற்றிலிருந்து வந்த ஒரு தம்பி. முகம் வீங்கி, உதடு வெடித்து. உங்களுடைய அதே சிறுநீரக வருத்தம். பெண்சாதி தலைமாட்டில் வேதப்புத்தகத்தோடு இருந்தாள். சபைக்குப் போகிற பிள்ளை போல. அவன் தண்ணீர் கேட்டான். அவள் இல்லை என்றாள். திரும்பவும் கேட்டான்.

"ஏசப்பா ஒங்களுக்காகத் தாகமா இருந்தவர்தானே. அவர நெனச்சிட்டுச் சும்மா கிடங்க."

நான் எழும்பி அவளிடம் போய்விட்டேன். போகவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, கால் போய்விட்டது.

"தங்கச்சி, அவர இதுக்குள்ள கொண்டு வராதீங்க" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வராதா பின்னே? "நீங்க ஆரு எனக்குச் சொல்ல? தண்ணி குடுத்தா சாகிறது ஒங்கட புருசனா?" என்றாள்.

என் புருசன் போய்விட்டார், இதே வருத்தத்தில்தான் என்றேன். நான் மெதுவாகச் சொன்னேன்.

"தண்ணி குடுக்கச் சொல்லல்ல. குடுக்கக் கூடாது. இல்லை எண்டு நீங்க சொல்லுங்க, ஒங்கட வாயால. ஆண்டவர்ர வாயால சொல்லாதீங்க. அவர் கேக்கட்டும். எத்தின தரமும் கேக்கட்டும்."

கட்டிலில் கிடந்த தம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெடித்த உதட்டோடு கேட்டான்.

"அப்ப நீங்க தாறீங்களா அக்கா?"

"தரமாட்டன் தம்பி."

"கொஞ்சம்?"

"நான்தான் தரமாட்டன் எண்டு சொல்றன். திட்டுறதெண்டா என்னைத் திட்டு."

அவன் சிரித்தான். சிரித்ததில் உதடு இழுபட்டு ரத்தம் துளிர்த்தது. அவன் பெண்சாதி புத்தகத்தை மடியிலிருந்து எடுத்துவிட்டு, துணியை நனைத்து அவன் உதட்டை ஒற்றினாள். ஒற்றிக்கொண்டே அழுதாள். அவன் அவளைப் பார்த்து, இன்னொருக்காக் கேக்கவா என்றான். கேளுங்க என்றாள் அவள். நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குச் சொல்லவேண்டியதை முகம் தெரியாத ஒருத்திக்குச் சொன்னேன். அதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த வெள்ளிக்கிழமையை என்னால் திருப்பித் தர முடியாது. நீங்கள் என்னை மன்னித்தீர்களா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை, குறை சொல்லாமலே போய்விட்டீர்கள். அதனால் இப்போது செபத்தில் நான் அவரிடம்தான் கேட்கிறேன். தண்ணீருக்கு ஏங்கின வாய் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் வெறும் கடவுளாக இருந்திருந்தால், நான் உங்களுக்குச் செய்தது என்ன என்று அவருக்கு விளங்காது. வெறும் மனிதனாக இருந்திருந்தால், உங்களைப் போல அவரும் போய்ச் சேர்ந்திருப்பார், மன்னிக்க ஆள் இருக்காது. எனக்கு இரண்டும் ஒரே ஆளாக வேண்டும். நீங்கள் தோணியில் கண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அங்கே வந்து சேர இவ்வளவு காலம் எடுத்தது.

இன்னும் ஒன்றே ஒன்று. நீங்கள் இருக்கிற இடத்தில் ஒருவருக்கும் விடாய் இல்லை என்று கோயிலில் சொல்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் நான் வந்து சேருகிற அன்றைக்கு, விடாய்க்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தரம் என்னிடம் தண்ணீர் கேளுங்கள்.